பத்து விரலில் சீனியம்மாள்

வெயிலுகந்தாளின் பத்து விரல்களிலும் செத்துப்போன சீனியம்மாளின் ரேகைகள் ஏறியிருப்பதை ஊரில் முதன்முதலாகக் கண்டு சொன்னது ரேஷன் கடை மெஷின்தான் என்பதால், அதைப் பேய்க்கதை என்று யாரும் தள்ளவும் இல்லை, சாமி காரியம் என்று தேங்காய் உடைக்கவும் இல்லை. சர்க்கார் மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அரிசிப் பையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

கடைக்காரர் மட்டும் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். கட்டைவிரலை வைத்தாள், ஆள்காட்டி விரலை வைத்தாள், சுண்டுவிரலைக்கூட வைத்துப் பார்த்தாள், எதை வைத்தாலும் பொம்முராஜ் மனைவி சீனியம்மாள் என்றே வந்தது. அவளுடைய சொந்த அட்டையைப் போட்டால் இந்தக் கைக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தமில்லை என்றது. கடைக்காரர் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, உனக்கு அரிசி இல்லை, பொம்முராஜ் வீட்டுக்கு இருக்கிறது, நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று அளந்து போட்டார். வெயிலுகந்தாள் அதைச் சுமந்துபோய் எதிர்வீட்டு வாசலில் இறக்கினாள். பொம்முராஜ் மூட்டையைப் பார்த்தான், அவள் விரல்களைப் பார்த்தான், அரிசியை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பார்த்தாள். அவளுக்கு எல்லா விரலிலும் சங்கு ரேகை. சின்ன வயதில் சேக்காளிகள் எண்ணிச் சொன்னது. இப்போது பத்திலும் சக்கரம் சுழித்துக் கிடந்தது. பத்து விரலிலும் சக்கரம் உள்ளவள் ஊரில் சீனியம்மாள் ஒருத்திதான். பத்துச் சக்கரம் இருந்தால் ராணியாம், நான் தீப்பெட்டி ஒட்டுற ராணி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வெயிலுகந்தாள் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

நத்தக்கரிசல் என்ற அந்த ஊர் மழையை நம்புவதை விட்டு வெகுநாளாகிறது. காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு பெண்கள் ஏறி, பட்டாசு செய்யும் வெடி ஆபீசுக்குப் போவார்கள். வெடி ஆபீசில் ஒருநாள் போகாவிட்டால் அந்த ரூம் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும், திரும்ப வாங்குவது நாய் படாத பாடு. அதனால் காய்ச்சலில் கிடப்பவள், பிள்ளைக்குச் சுகமில்லாதவள், சாவுக்குத் துட்டி கேட்கப் போகவேண்டியவள், தன் பேருக்குத் தெருவில் இன்னொருத்தியை அனுப்பிவிடுவாள். ஆள்மாத்து என்று அதற்குப் பேர். கேட்டில் போர்மேன் தங்கமாரியப்பன் தலை நிமிராமல் பேரைக் கூப்பிடுவான்; ஒவ்வொரு பேருக்கும் 'இருக்கேன்' என்று ஒரு குரல் வந்தால் போதும், யார் குரல் என்பது அவனுக்கு வேண்டாத விஷயம். ஆள்மாத்துக்குப் போகாத பெண்ணும் ஊரில் இல்லை, அனுப்பாத பெண்ணும் இல்லை.

அந்த ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. வெடியில் போனவர்களை எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். பட்டதெல்லாம் போதும், இனிமேலும் நெருப்பா என்று, மண் மூடி முடிகிறவரை ஊரில் ஒரு பொட்டுத் தீ இருக்கக்கூடாது. வேட்டு கிடையாது, சூடம் கிடையாது, அடுப்பை நீர் தெளித்து அணைத்துவிடுவார்கள், டீக்கடைப் பாய்லர் ஆறிக் கிடக்கும், பீடி காதில் செருகியபடியே இருக்கும். மற்றச் சாவுக்கெல்லாம் எல்லா ஊரையும் போலத்தான்.

சீனியம்மாள் போன நாளன்று வெயிலுகந்தாளுக்குக் காய்ச்சல். புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போய்விட்டவன், பிள்ளையும் இல்லை, கஞ்சி வைத்துத் தர ஆளில்லை என்று சீனியம்மாள்தான் சுக்குக் கசாயம் கொண்டுவந்தாள். படுத்தபடியே வெயிலுகந்தாள், "மதினி, இன்னைக்கு ஒரு நா மட்டும் எம் பேருக்குப் போயிட்டு வாங்களேன்" என்றாள். அதற்கென்ன என்று கொடியில் கிடந்த நீலச் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு சீனியம்மாள் வேனுக்கு ஓடினாள். வேனை ஓட்டியது அவள் புருஷன் பொம்முராஜ்தான். கேட்டில் வெயிலுகந்தாள் என்று கூப்பிட்டபோது அவள் இருக்கேன் என்றாள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் அந்த ரூம் இல்லை.

வெயிலுகந்தாள் காய்ச்சலோடு காட்டு வழியே ஓடினாள். கேட்டில் நின்றுகொண்டு நாலு பேர், நாலு பேர் என்று கத்தினாள். தங்கமாரியப்பன் அவளைத் தனியாகக் கூட்டிப்போய், குரலே உயராமல், கணக்குச் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்: "ரூம்ல நாலு பேரு. அதுல ஒருத்தி நீ. நீதான் உசுரோட நிக்கிறியே, அப்புறம் எப்படி நாலு?"

அதற்கு மேலும் சொன்னான். ஆள்மாத்து என்று வெளியே சொன்னால் அது ஆள்மாறாட்டம், முதலில் உள்ளே போவது நீதான், பிறகு ஆபீசைப் பூட்டிவிடுவார்கள், உன்னால் ஊரே பட்டினி கிடக்கும் என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வேனில் கூடப்போன பெண்கள் அத்தனை பேரும் நீலச் சட்டையைப் பார்த்தவர்கள்தான், அவர்களும் மூடிக்கொண்டார்கள். உர மூட்டைச் சாக்குகளில் அள்ளியதை மூன்று வெள்ளைத் துணியில் கட்டி மூன்று வீடுகளுக்குக் கொடுத்தார்கள். தூக்கிப்போனவர்கள் கனம் கூடுதலாக இருக்கிறதே என்று சுடுகாட்டுப் பாதையில் ஒருதரம் பேசிக்கொண்டார்கள், அப்புறம் பேசவில்லை. ஊர் முழுக்க அடுப்பு அணைந்திருந்தது. பாதுகாப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் சிகரெட்டை எடுத்தபோது தங்கமாரியப்பனே ஓடிப்போய், சார், வெடியில் போன சாவுக்கு இங்கே தீ கூடாது என்று காதில் சொன்னான். அவரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

நாலாவது வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. சீனியம்மாள் லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டீக்கடையில் பொம்முராஜ் தரையைப் பார்த்தபடி, ஆமா, போயிட்டா என்றான். வேன் சாவி அவன் கையில்தான் இருந்தது. ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் அனுசுயாவைப் பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவ மகளே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளை யாரையும் அடிக்கவில்லை, அழவில்லை, வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு வெயிலுகந்தாளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும். அந்தப் பார்வைக்கு வெயிலுகந்தாள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்தச் சித்திரையில்தான் ரேகை ஏறியது. ஏன் ஏறியது என்று ஊர் ரொம்ப ஆராயவில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் அவள் வந்துதானே ஆகவேண்டும் என்று வண்ணாத்துறையில் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஆமோதித்துத் துணியை அடித்தார்கள். அதற்குப் பிறகு ஊர் அந்த விரல்களோடு பழகிக்கொண்டது. மாதாமாதம் வெயிலுகந்தாள் விரல் வைத்துப் பொம்முராஜ் வீட்டுக்கு அரிசி வாங்கினாள், அவளுக்குத் தெருவில் ஆளுக்கு ஒரு படி போட்டார்கள். சீனியம்மாளோடு குழாயடியில் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாமலே விட்டுவிட்ட ஒருத்தி வந்து, வெயிலுகந்தாளின் முகத்தைப் பார்க்காமல் வலதுகையை மட்டும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு அழுதுவிட்டுப் போனாள். கல்யாண வீட்டில் அவளுக்கு இரண்டு வெற்றிலை பாக்கு வைத்தார்கள், ஒன்று அவளுக்கு, ஒன்று கைக்கு. பொம்முராஜ் வீட்டு எருமை அந்தக் கை பட்டால்தான் சுரக்கிறது என்றார்கள். புண்ணாக்கு வைத்தால் அது யாருக்குத்தான் சுரக்காது என்று சொன்னவர்களும் உண்டு. மதினி என்று வாய்தவறிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனையும் செய்த ஊர், சீனியம்மாள் எப்படிச் செத்தாள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை; ரேகை வந்தது என்றார்கள், செத்தாள் என்று சொல்லவில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தை விழுங்கத் தெரிந்த ஊருக்கு அந்தச் சின்ன உண்மை தொண்டையில் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சொன்னது அனுசுயாதான். மனுநீதி நாளன்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப்போய்க் கலெக்டர் கையில் மனுக் கொடுத்தாள். எங்கம்மா ஓடிப்போகவில்லை, வெடி ஆபீசில் இறந்துவிட்டாள், இறந்தவர்கள் பட்டியலில் எங்கம்மா பேரையும் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. மனு சுற்றிச்சுற்றி ஸ்டேஷனுக்கு வந்தது. ஸ்டேஷனில் விசாரித்தால், செத்தவள் போன மாதம்கூட ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்கியிருந்தாள். மெஷினே சாட்சி, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று வெடி ஆபீஸ் தரப்பில் சந்தோஷப்பட்டார்கள். விரல் வைத்தது யார் என்று பார்க்கப்போனவர்கள் ஜீப்பில் வெயிலுகந்தாளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்னொருத்தியின் அடையாளத்தைத் திருடி அரசாங்கத்தை ஏமாற்றியது என்று குற்றம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் தங்கமாரியப்பன் காபி குடித்துக்கொண்டிருந்தான். வெளியே ஜன்னலுக்குக் கீழே, பள்ளிக்கூடச் சீருடையில், ஜீப்பின் பின்னாலேயே பஸ் பிடித்து வந்த அனுசுயா உட்கார்ந்திருந்தாள். பெண் ஏட்டு ஜெபமணி மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். வெயிலுகந்தாள் விரலை வைத்தாள், சீனியம்மாள் என்று வந்தது. இன்ஸ்பெக்டர் அவள் விரலைத் திருகிப் பார்த்தார், மேலே ரப்பர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார், தோலில் கீறல் விழுந்து ரத்தம்தான் வந்தது.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, வேலையைச் சுருக்க முடிக்க விரும்புகிறவர். அவளை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். சீனியம்மாள் எங்கோ உயிரோடு இருக்கிறாள், ரகசியமாக வந்து தன் ரேகையை ரப்பரில் எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைக்கு அரிசி வாங்கிக் கொடுக்கத்தான் நான் வாங்கிக்கொண்டேன், இப்படிச் சொல்லிவிட்டால் எச்சரித்து அனுப்பிவிடலாம், மனுவும் முடிந்துபோகும், நீயும் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். இல்லாவிட்டால் திருட்டு, ஏமாற்று, ஆள்மாறாட்டம், எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டியதுதான். தங்கமாரியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமான்னு ஒரு வார்த்தை, அதோட போச்சு என்றான்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் இரட்டைச் சடையின் ரிப்பன் தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை அவள் பின்னால் மறைக்கவும் இல்லை. எதிர்வீட்டுக் கதவு, அந்தப் பிள்ளையின் பார்வை, சாகிறவரை தன் கதவைச் சாத்திக்கொண்டே இருப்பது, எல்லாம் கூடவே ஞாபகம் வந்தது.

இன்ஸ்பெக்டர் முடிவாகக் கேட்டார்: "நீ யாரு? வெயிலுகந்தாளா, சீனியம்மாளா?"

"வெயிலுகந்தா சார். அன்னைக்குக் காய்ச்சல்னு மதினிய நாந்தான் அனுப்புனேன். கேட்டுல எம் பேரக் கூப்பிட்டப்ப அவுக இருக்கேன்னு சொன்னாக. நானா திருடல சார். அவுகளுக்கு இருக்க வேற எடமில்ல, இங்க வந்திருக்காக. அவுக பேரக் கூப்பிடுங்க, நான் இருக்கேன்னு சொல்றேன்."

தங்கமாரியப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். செத்தவள் உடம்பு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மூணு மூட்டையிலயும் இருக்காக," என்றாள். "நாலு பேர மூணாக் கட்டிக் குடுத்தாக. நான் கேட்டுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அழுகை வரும் என்று ஜெபமணி எதிர்பார்த்தாள், வரவில்லை. ரிப்பன் மட்டும் அசையாமல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். சீனியம்மாள் செத்ததை அதில் எழுதவில்லை. தன் பேருக்கு வேறொருத்தியை அனுப்பியதையும் பிறத்தியாரின் ரேகையை வைத்துக்கொண்டிருப்பதையும் இவளே ஒப்புக்கொண்டாள் என்று எழுதினார். பத்து விரலையும் பதிந்துவிட்டு லாக்கப்பில் வை, நாளைக்கு வீட்டைச் சோதனை போட்டுவிட்டு ரிமாண்ட் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஜெபமணி மைப் பலகையைத் தேய்த்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வெள்ளைத் தாளில் உருட்டினாள். பத்துச் சக்கரமும் ஒரு இழை பிசகாமல் விழுந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் மையைத் துடைத்தபோது விரல்களில் ஒரு கோடுகூட இல்லை. சங்கும் இல்லை, சக்கரமும் இல்லை, உரித்த வெங்காயமாக மழுமழுவென்று இருந்தன.

"போயிட்டாக," என்றாள் வெயிலுகந்தாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிவந்து மெஷினில் வைக்கச் சொன்னபோது மெஷின் எவள் பேரையும் சொல்லவில்லை. பதிந்த தாள் எங்கே என்றார். மை கொட்டிப் பாழாகிவிட்டது, கிழித்துப் போட்டுவிட்டேன் சார் என்றாள் ஜெபமணி. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாள் அப்போது ஒரு புவியியல் புத்தகத்துக்குள், நத்தக்கரிசலுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தது.

மறுநாள் காலை வீட்டைச் சோதனை போட வெயிலுகந்தாளை ஜீப்பில் கூட்டிவந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். கடை திறந்திருந்தது, பாய்லர் ஆறிக் கிடந்தது, கடைக்காரர் இல்லை. வேன் காலியாக நின்றது, சாவி அதிலேயே தொங்கியது. எந்தக் கூரைக்கு மேலேயும் புகையில்லை. வீடுகளில் அடுப்புச் சாம்பல் நீர் தெளித்து ஈரமாக இருந்தது. வெயிலுகந்தாள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே புரிந்துகொண்டு முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

ஊர் மொத்தமும் சுடுகாட்டில் இருந்தது. மூன்று மேடுகளுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு நாலாவதாகக் குழி வெட்டியிருந்தார்கள், வைக்கப்போவது ஒரு தாள்தான் என்றாலும். வெட்டியது பொம்முராஜ், மண்வெட்டியை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று விட்டானாம். அனுசுயா தாளை வெள்ளைத் துணியில் மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற சட்டையோடு வந்திருந்தார்கள். கொட்டு இல்லை, வேட்டு இல்லை, சூடம் இல்லை, ஒப்பாரிகூட இல்லை.

ஜீப் வந்து நின்றதும் எல்லோரும் வழிவிட்டார்கள். வெயிலுகந்தாள் இறங்கினாள். தடுக்கவேண்டிய ஜெபமணி பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டாள். அனுசுயா துணி முடிப்பை அவள் பக்கமாக நீட்டி, "நீங்களும் பிடிங்க அத்தை" என்றாள். இருவருமாகக் குனிந்து குழிக்குள் வைத்தார்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளை, முதல்தடவையாக, பெரிய குரலெடுத்து அம்மா என்று அழுதது.

இன்ஸ்பெக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காகிதத்தைப் புதைப்பதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. சிகரெட்டை உதட்டில் வைத்து, தீக்குச்சியை உரசினார். உரசிய சத்தத்துக்கு ஊர் முழுக்கத் திரும்பியது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும், மண்வெட்டியோடு நின்ற பொம்முராஜும், அந்தச் சின்னச் சுடரையே பார்த்தார்கள். தீயில்லாமல் இருப்பது எந்தச் சாவுக்கு உள்ள மரியாதை என்பது அவருக்குத் தெரியும், இதே இடத்தில் ஒருதரம் நின்றவர்தான். குச்சி எரிந்து விரலருகே வருகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஊதி அணைத்து, கீழே போடாமல், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார்.

மண் மூடி முடிந்ததும் வெயிலுகந்தாளை ஜீப்பில் ஏற்றினார்கள்.